சிறை வாசலில் ஒரு துணை வேண்டும்

குடிக்கோ போதை மருந்துக்கோ அடிமையானவன் சிறைக்குப் போனால் திருந்திவிடுவான் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உள்ளே சரக்குக் கிடைக்காது, ஆறு மாதம் தொடாமல் இருந்தால் பழக்கம் தானாக விட்டுப்போகும் என்பது ஜனங்களிடையே வேரூன்றிய நம்பிக்கை. இந்த நம்பிக்கை ஆளைக் கொல்லும் என்பதை நாம் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நெடுநாள் மிகுதியாகக் குடித்தவனுக்குக் குடி திடீரென்று நின்றால், அன்றைக்கே கை நடுங்கத் தொடங்கும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் போகும். சிலருக்கு ஓரிரு நாட்களில் வலிப்பு வரும். அடுத்த ஓரிரு நாட்களில் இல்லாத உருவங்கள் கண்ணில் தெரியும். வைத்தியம் செய்யாவிட்டால் உயிரே போகலாம். கைதானவன் லாக்கப்பிலும் சிறையிலும் கழிக்கும் முதல் நாட்கள் இவைதான். காவலுக்கு நிற்பவர் இதை நடிப்பு என்றோ திமிர் என்றோ எண்ணிவிட்டால் அந்த மனிதனின் கதி என்ன?

விடுதலையாகும் நாள் இதைவிட ஆபத்தானது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1999 முதல் 2003 வரை சிறையிலிருந்து வெளிவந்த 30,237 பேரைப் பற்றிய ஆராய்ச்சி 2007-ல் வெளியாயிற்று. வெளிவந்த முதல் இரண்டு வாரங்களில் அவர்களுக்கு மரண அபாயம் மற்ற மக்களைவிடப் பன்னிரண்டு மடங்குக்கும் மேல். அளவு மீறிய போதை மருந்தால் சாகும் அபாயமோ 129 மடங்கு! காரணம் எளியது. ஹெராயின் போன்றவற்றை விட்டிருந்த மாதங்களில் உடல் அதைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. ஆசை மட்டும் அப்படியே இருக்கிறது. வெளியே வந்தவன் பழைய அளவையே எடுக்கிறான். அந்த அளவே அவனைக் கொன்றுவிடுகிறது.

நம் நாட்டு நிலைமை என்ன? 2022-ம் வருட முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர், அதாவது நால்வரில் மூவர், விசாரணைக் கைதிகள். விசாரணைக் கைதிக்கு விடுதலைத் தேதி என்று ஒன்று முன்கூட்டித் தெரியாது. ஜாமீன் உத்தரவு வந்ததும் அவன் நடுத்தெருவில் நிற்கிறான். கையில் காசில்லை, போக இடமில்லை, வேலை தருவாரில்லை. பழைய கூட்டாளிகளும் சாராயக் கடையும்தான் அவனை வரவேற்கக் காத்திருக்கின்றன. ஆகவே உதவி கடைசி நாளில் தொடங்கினால் பயனில்லை. அவன் உள்ளே நுழைந்த முதல் நாளே தொடங்க வேண்டும்.

இங்கேதான் தொண்டர்களின் தேவை எழுகிறது. 1942-ல் கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறை அதிகாரி கிளின்டன் டஃபி ஒரு புதுமை செய்தார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற, குடியை விட்டவர்களின் அமைப்பு தம் சிறைக்குள் கூடுவதற்கு இடமளித்தார். சிறைக்குள் அவ்வமைப்பு கூடியது அதுவே முதல் தடவை. குடியில் விழுந்து எழுந்தவர்களே குடிநோயாளிகளுக்கு முன் அமர்ந்து பேசினார்கள். கைதிக்கு உபதேசம் கேட்டு அலுத்துவிட்டது. "நானும் உன்னைப்போல் இருந்தவன்தான்" என்று சொல்லும் ஒருவரின் சொல்லுக்கு அவன் காது கொடுக்கிறான்.

ஆனால் இந்தத் தொண்டு விளையாட்டல்ல. ஒரு வாரம் வந்து மறுவாரம் மறைந்துவிடுகிற தொண்டர் நன்மையைவிடத் தீமையே செய்கிறார். கைவிடப்பட்டவனை அவர் மீண்டும் ஒருமுறை கைவிடுகிறார். கேட்ட விஷயத்தை வெளியே பேசக் கூடாது. கடிதமோ காசோ பொட்டலமோ கொண்டுபோகக் கூடாது. கைதியின் வழக்கைத் துருவக் கூடாது. மீண்டும் குடித்துவிட்டான் என்பதற்காக அவனை வெறுக்கவும் கூடாது. நோய் திரும்புவது இந்த நோயின் இயல்பு. விடுதலை நாளில் சிறை வாசலில் நின்று அவனை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அழைத்துப் போவதே தொண்டின் உச்சம்.

சட்ட உதவியும் தொண்டுதான். 1985-ம் வருடப் போதைப் பொருள் சட்டத்தின் 39-வது பிரிவின்படி, போதைப் பொருளை உட்கொண்டதற்காகவோ சிறிதளவு வைத்திருந்ததற்காகவோ குற்றவாளி என்று தீர்ப்பான அடிமையை, அவர் சம்மதித்தால், சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. எழுத்தறியாத ஏழைக்கு இதை யார் சொல்வது?

தொண்டர்கள் முன்வருகிறார்கள் என்பதால் சர்க்கார் கை கழுவிவிடலாமா? ஒருநாளும் கூடாது. ஆறுதல் சொல்லத் தொண்டரால் முடியும். வலிப்பை நிறுத்த டாக்டரும் மருந்தும் வேண்டும். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலம் 2016-ல் தன் சிறைகளில் மெத்தடோன், பியூப்ரெனார்பின் போன்ற மருந்துகளைக் கொடுக்கத் தொடங்கி, விடுதலைக்குப் பின்னும் சிகிச்சை தொடர ஏற்பாடு செய்தது. அண்மையில் விடுதலையானவர்களில் போதை மருந்து அளவு மீறி இறந்தவர்கள் 2016-ன் முதல் ஆறு மாதங்களில் 26 பேர்; 2017-ன் அதே மாதங்களில் 9 பேர். மருந்தும் மனிதத் துணையும் சேர்ந்தால் உயிர்கள் பிழைக்கும்.

2017-ம் வருட மனநலச் சட்டம் மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறுகளை நோய் என்றே ஏற்கிறது. வெளியே உள்ள மக்களுக்குக் கிடைக்கும் அதே வைத்தியம் கைதிக்கும் கிடைக்க வேண்டும், அது அரசின் பொறுப்பு என்று ஐக்கிய நாடுகள் சபை 2015-ல் ஏற்ற மண்டேலா விதிகள் சொல்கின்றன. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது வியாபாரத்தையே சர்க்கார் நிறுவனம்தான் நடத்துகிறது. விற்ற கைக்கு வைத்தியம் செய்யும் கடமை இரட்டிப்பாக உண்டு.

எனவே நாம் கோருவது இதுதான்: சிறைக்கு வரும் ஒவ்வொருவரையும் முதல் நாளே டாக்டர் பரிசோதிக்க வேண்டும். ஒவ்வொரு மத்திய சிறையிலும் போதை மீட்பு சிகிச்சை வேண்டும். பயிற்சி பெற்ற தொண்டர்களுக்கு நிலையான அனுமதி தர வேண்டும். வெளியேறுபவன் கையில் மருந்துச் சீட்டும், போக வேண்டிய ஆஸ்பத்திரியின் விலாசமும் இருக்க வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தொழிற்சங்க, வாலிபர், மாதர் ஊழியர்கள் இப்பணிக்கு முன்வர வேண்டும். குடியிலிருந்து மீண்ட ஒருவர் உங்கள் பேட்டையிலும் இருப்பார், அவரையும் அழைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவன் யாரோ ஒரு தாயின் மகன். நம் ஆலையிலும் வயலிலும் உழைத்தவன். நாளை அவன் திரும்பி வரப்போவதும் நம் தெருவுக்குத்தான்.