ஹாரன் கொடுத்த உயிர்

மோட்டார் வண்டிக்கும் புது மாப்பிள்ளைக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. அவசரமான வேளை பார்த்துத்தான் இரண்டும் முறுக்கிக் கொள்ளும்.

சென்ற மாதம் ஒரு நாள் காலை கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் புறப்பட்டோம். நம் தமக்கையின் மகளை அன்று பத்து மணிக்குச் சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் உத்தியோகத்துக்காகப் பேட்டிக்கு அழைத்திருந்தார்கள். தகப்பனார் இல்லாத குடும்பம். கிடைத்தால் அதுதான் முதல் சம்பளம். வழியில் சூளகிரியில் காப்பிக்காக நிறுத்தினோம். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால், இயந்திரம் சுற்றுகிறதே தவிர உயிர் பிடிக்கக் காணோம்.

"மாமா, எட்டே முக்கால் ஆச்சு!" என்றாள் பெண். நின்ற பஸ் ஒன்றில் கால் வைக்க இடமில்லை. 1980-ம் வருஷத்தில் அசோக் லேலண்ட் தொழிற்சாலையும், டி.வி.எஸ். மொபெட்டும் தோன்றிய ஊர் ஓசூர். அதன் வாசலில் நம் வண்டி ஊமையாக நின்றது.

ஒரு மெக்கானிக் இளைஞர் வந்தார். மூடியைத் திறக்குமுன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "எத்தனால் பெட்ரோல் சார்! பம்பு போயிடுச்சு. புதுசு மாத்தணும்." செலவு பல ஆயிரம், சாமான் வரச் சாயங்காலம் ஆகுமாம்.

இப்போதைய பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலப்பது உண்மை. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர்க் குழாய்களைக் கெடுக்கும் என்பதும் மெய்தான். ஆனால் விசாரணை இல்லாமல் தண்டனை விதிப்பது எந்த ஊர் நியாயம்?

நல்ல வேளையாக, காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். லாரிப் பட்டறையில் முடி நரைத்தவராம். கன்னடமும் தெலுங்கும் கலந்த தமிழில் அவர், "சாவியைத் திருப்புங்க, ஸ்டார்ட் மட்டும் பண்ணாதீங்க. பின் சீட்டுல காதை வைக்கிறேன்" என்றார்.

இதில் உள்ள சூட்சுமம் இதுதான். பழைய அம்பாஸடரில் பெட்ரோல் பம்பு இயந்திரத்தோடு ஒட்டி, அதன் சுழற்சியாலேயே வேலை செய்யும். கோடையில் அது சூடேறிப் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டால், ஈரத் துணியைச் சுற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். இக்காலத்து வண்டிகளிலோ அது மின்சார பம்பு. பெட்ரோல் டாங்கிக்குள்ளேயே முழுகிக் கிடக்கிறது. பெரும்பாலான வண்டிகளில், சாவியைத் திருப்பியதும் இரண்டு விநாடி 'ம்ம்ம்' என்று முனகி, குழாயில் அழுத்தம் ஏற்றிவிட்டு நிற்கும். அந்த முனகல் அன்று கேட்கவில்லை.

முனகல் இல்லை என்றால் பம்பு செத்துவிட்டது என்று அர்த்தமா? அங்கேதான் இளைஞர் இடறினார். பம்புக்கு மின்சாரம் போய்ச் சேராவிட்டாலும் மௌனம்தான். (முனகல் கேட்டும் வண்டி கிளம்பாவிட்டால், வடிகட்டி அடைப்பையோ தீப்பொறியையோ சந்தேகிக்கலாம். எப்படியானாலும் பெட்ரோல் குழாயை நாமே கழற்றிப் பார்ப்பது ஆபத்து, அழுத்தத்தோடு பீறிடும்.)

பெரியவர் பியூஸைப் பார்த்தார்; நன்றாயிருந்தது. அதன் பக்கத்தில் ரிலே என்னும் சிறு கறுப்புப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. மின்சாரத்துக்குக் கதவு திறந்துவிடும் வாயில்காப்போன் இந்த ரிலே. பம்பின் ரிலேயும் ஹாரனின் ரிலேயும் நம் வண்டியில் ஒரே ஜாதி, ஒரே அளவு. எண்களை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஹாரனுடையதைப் பிடுங்கிப் பம்பின் இடத்தில் செருகினார்.

சாவியைத் திருப்பினோம். 'ம்ம்ம்' என்றது! அந்த நாதத்துக்கு ஈடாக எந்தக் கச்சேரியையும் நாம் சொல்ல மாட்டோம்.

பெரியவர் காசு வாங்க மறுத்தார். காப்பிக்கு மட்டும் சம்மதித்தார். இளைஞர் அந்தப் பழைய ரிலேயைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓசூர் நெரிசலை ஹாரன் இல்லாமல் கடந்தோம். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "கொஞ்சம் வழி விடுங்க அண்ணா!" என்று பெண்ணே கூவிக்கொண்டு வந்தாள். தொழிற்சாலை வாசலில் இறங்கும்போது மணி பத்துக்கு ஐந்து நிமிஷம். தொண்டை மட்டும் கட்டியிருந்தது.