என்ற வாழைக்கு யாருங்க பழுப்பு அடிச்சது?



இந்தத் தடவை மழை, மோட்டார், மயில் தொல்லை எதுவும் எழுதலை. போட்டோ பத்தி எழுதறேன். "உனக்கெதுக்குய்யா போட்டோ பஞ்சாயத்து?"னு கேக்காதீங்க. காரணம் இருக்குது.

அண்ணன் பையன் பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை பாக்கறான். போன மாசம் ரெண்டு நாள் லீவுல துடியலூர் வந்தவன், விடியக்காலம் கேமராவைத் தூக்கிட்டுத் தோட்டத்துக்கு வந்தான். கதளி வாழை அறுநூறு மரம் நிக்குது. தார் தள்ளி ரெண்டு மாசம். பின்னாடி குருடிமலை, மேல கொஞ்சம் மேகம். எடுத்துத் தள்ளிட்டான்.

சாயங்காலம் திண்ணைல உக்காந்து லேப்டாப்பைத் திறந்தான். ஒரு படத்தைக் காட்டி, கீபோர்டுல என்னமோ ரெண்டு பட்டனை ஒண்ணா அழுத்தினான். படமே மாறிப் போச்சு. பச்சையெல்லாம் காஞ்ச ஆலிவ் மாதிரி, வானம் பாலாடை நிறத்துல, நெழலெல்லாம் சாம்பல் பூத்து. "இது பழைய பிலிம் லுக் சித்தப்பா. ஷார்ட்கட் வெச்சிருக்கேன். ஒரே அழுத்து, நூறு படத்துக்கும் அப்படியே போட்டுடும்"னான். பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கே ஆசை வந்து அதுல ஒண்ணை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வெச்சுட்டுப் படுத்துட்டேன்.

காலைல ஆறு மணிக்கு வாழைத்தார் வியாபாரி போன் பண்றார். இந்த வெள்ளாமைக்கு விலை பேசி முன்பணம் குடுத்தவர்.

"ஏனுங்ணா, கதளி எலையெல்லாம் மஞ்சக்கட்டிருச்சாட்ட இருக்குது? வாடல் வந்துருச்சுங்களா?"

எனக்குத் தூக்கம் போச்சு. வாடல் நோய்னா என்னன்னு வாழை வெச்சவங்களுக்குத் தெரியும். மண்ணுல இருக்கற பூசணம் வேர் வழியா ஏறும். அடி எலை மொதல்ல மஞ்சளாகும், அப்பறம் தண்டோட ஒட்டித் தொங்கும். கதளிக்கு அது எமன். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, பையன் கலர் மாத்திட்டான்"னு சொன்னா அவர் நம்பலை. வண்டியை எடுத்துட்டு வந்து, வரப்பு வரப்பா நடந்து, நாலஞ்சு மரத்துல எலையைப் புடிச்சுப் பார்த்துட்டுத்தான் சிரிச்சார். காசு நட்டம் எதுவுமில்லை, ஒரு காலை வேலை கெட்டுச்சு, அவ்வளவுதான். ஆனா நேர்ல வராம, "வேண்டாமுங்ணா"னு போன்லயே சொல்லியிருந்தா? அதைத்தான் அன்னைக்குப் பூரா நெனச்சுட்டு இருந்தேன்.

பையனைத் திட்டலை. "அந்தப் பட்டன் அப்படி என்னதான் பண்ணுது, மெதுவாக் காட்டு"னேன். காட்டினான். கறுப்பா இருக்கற எடத்தைத் தூக்கிச் சாம்பலாக்குது. பச்சையை மஞ்சப் பக்கம் தள்ளி, அதோட அடர்த்தியைக் கொறைக்குது. நெழல்ல கொஞ்சம் நீலம், வெளிச்சத்துல கொஞ்சம் ஆரஞ்சு சேர்க்குது. கடைசியா மாவு சலிச்ச மாதிரி பொடிப்பொடியா ஒரு புள்ளி தூவுது. ஆக மொத்தம் நாலஞ்சு கணக்கு. அதை ஒரு பேர் போட்டுச் சேர்த்து வெச்சிருக்கறதுதான் பிரீசெட்டாம். அதுல அதிகமா அடி வாங்கறது பச்சைங்க. நகரத்துல எடுத்த படத்துல பச்சை கொஞ்சம்தான் இருக்கும், தெரியாது. தோட்டத்துல எடுத்தா முக்காவாசி பச்சைதானுங்களே?

இதுதான் பழைய கலரான்னு பார்க்க, பீரோவுல இருந்து எங்க கல்யாண ஆல்பத்தை எடுத்தேன். 1997-ல எடுத்தது. பையன் பட்டனை அழுத்தினா வர்ற மாதிரியேதான் இருந்துச்சு. எல்லாம் செம்பழுப்பா. ஆனா எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதுங்க, ஆல்பம் வந்த அன்னைக்கு அது இப்படி இல்லை. வீட்டுக்காரம்மா கூறைச்சேலை நல்ல அரக்கு, பந்தல்ல கட்டின வாழை கரும்பச்சை.

அப்பறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். கலர் பிலிம்லயும் பிரிண்ட்லயும் மூணு சாயம் அடுக்கடுக்கா இருக்கும்: மஞ்சள், கருஞ்சிவப்புக்குப் பக்கத்துல ஒண்ணு, நீலப்பச்சை. மூணும் ஒரே வேகத்துல மங்காது. அந்தக் காலத்துப் பிரிண்டுகளைப் பொட்டிக்குள்ள வெச்சா நீலப்பச்சைச் சாயம்தான் மொதல்ல போகும். அது போனா மிச்சம் இருக்கறது செவப்பும் மஞ்சளும்தான். அதனாலதான் பழைய ஆல்பமெல்லாம் செவந்து கெடக்குது. அதாவது நாம "பிலிம் கலர்"னு ஏங்கறதுல பாதி, பிலிமோட கலரே இல்லீங்க. பீரோவுக்குள்ள மங்கிப்போன கலர்.

பிலிம் இருந்த காலத்துல யாரும் மங்கலான கலரைத் தேடிப் போகலை. 1956-ல மாடர்ன் தியேட்டர்ஸ் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தை கேவாகலர்ல எடுத்தாங்க. தமிழ்ல முழுநீளமா வந்த மொதல் கலர் படம் அது. ஜனங்க போனது பளபளன்னு கலர் பார்க்கத்தான். அப்பறம் சினிமா போஸ்டர்ல கூட "ஈஸ்ட்மென் கலர்"னு பெருசாப் போடுவாங்க, நீங்களும் பார்த்திருப்பீங்க. 1990-ல ஃபியூஜி கம்பெனி வெல்வியான்னு ஒரு பிலிம் கொண்டுவந்துச்சு. காடு, மலை எடுக்கறவங்க அதைத் தேடி வாங்கினதே பச்சை அடர்த்தியா விழும்ங்கறதுக்காகத்தான். இப்ப பிலிம் பேர்ல பச்சையைக் கொல்றோம்.

பிலிம் கலர் ஒண்ணும் சத்தியவாக்கும் இல்லீங்க. கோடாக் கம்பெனி ஆய்வுக்கூடங்களுக்கு ஒரு அட்டை அனுப்பும். அதுல ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு படம். அந்தப் பொண்ணு தோல் சரியா வந்தா கலர் சரின்னு அர்த்தம். "ஷெர்லி அட்டை"ன்னு பேரு. பல வருசம் உலகம் பூரா அதுதான் அளவு. பல நிறத்து ஆளுகளும் இருக்கற அட்டை 1990-களில்தான் வந்துச்சு. நம்ம மாதிரி கறுத்த மொகத்துல கண்ணும் பல்லும் மட்டும் தெரியற படங்க நம்ம வீட்டு ஆல்பத்துல ஏன் இத்தனைன்னு அப்பத்தான் புரிஞ்சுது. அந்தக் குறையையும் சேர்த்துத்தான் இப்ப "கிளாசிக்"னு திருப்பிப் போடறோம்.

இன்னொண்ணு சொல்லணும். எங்கூர் மேட்டுப்பாளையம் ரோட்டு மேல இருக்குது. ஊட்டி போற வண்டி பூரா எங்களைத் தாண்டித்தான் போகும். அந்த ஊட்டியிலதான் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் இருந்துச்சு. மத்திய அரசு கம்பெனி. 1960-ல தொடங்கி, 1967-ல உற்பத்தி ஆரம்பிச்சாங்க. தூசியும் புழுக்கமும் இல்லாத குளிர் எடம்னு ஊட்டியைப் புடிச்சாங்க. அவங்க பிலிமுக்குப் பேரு 'இந்து'. கருப்பு வெள்ளை ரோலும், ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிலிமும்தான் முக்கியமா. கடன் ஏறி, அப்பறம் டிஜிட்டலும் வந்து, கம்பெனி படுத்துருச்சு. 2014-ல மிச்சமிருந்த தொழிலாளிகளுக்கு விருப்ப ஓய்வு குடுக்க மத்திய அமைச்சரவை ஒத்துக்கிச்சு.

பையன் லேப்டாப்புல இருந்த லிஸ்ட்டை முழுசாப் பார்த்தேன். கோடாக் பேர்ல பத்து, ஃபியூஜி பேர்ல பத்து. இந்து பேர்ல ஒண்ணு கூட இல்லை. "பழசு மேல ஆசைங்கறயே, பக்கத்துலயே இருந்த பழசு மேல இல்லையா?"னேன். அவன் அந்தப் பேரையே கேள்விப்பட்டதில்லை. நமக்கு ஏக்கம் கூட வெளியூர்ல செஞ்சு வருது பாருங்க.

நான் சொன்னதையெல்லாம் கேட்டுட்டு பையன் ஒண்ணு சொன்னான். அது ஞாயமான பேச்சு. "கேமரா குடுக்கற கலர் மட்டும் நெசமா சித்தப்பா? அதையும் ஏதோ ஒரு கம்பெனிதான் முடிவு பண்ணுது. உங்க போன் பச்சையை இன்னும் பச்சையாக் காட்டுதே, அது பொய் இல்லையா?"

பொய்தான். ஒத்துக்கறேன். எந்தப் படமும் நெசம் இல்லை. அதனாலதான் கலரை நம்பித் தொழில் பண்றவங்க ஒரு மொறை வெச்சிருக்காங்க. ஆனைமலைப் பக்கம் எங்க சொந்தக்காரர் நெல்லு வெக்கறார். அவர்கிட்ட இலை வண்ண அட்டை ஒண்ணு இருக்குது. நம்ம கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரை பண்றதுதான். வெளிர்பச்சைல இருந்து கரும்பச்சை வரைக்கும் பட்டை பட்டையா இருக்கும். நட்ட 14-ம் நாள்ல இருந்து வாரம் ஒருக்கா பத்து எலையை அட்டையோட ஒட்டிப் பார்க்கணும். வெள்ளைப் பொன்னிக்கு அளவு 3, மத்த ரகத்துக்கு 4. பத்துல ஆறு எலை அதுக்குக் கீழ இருந்தா தழைச்சத்து போடணும், இல்லைன்னா வேண்டாம். பார்க்கும்போது வெயில் எலை மேல விழாம நம்ம ஒடம்பால மறைச்சுக்கணும். ஒவ்வொரு தடவையும் ஒரே ஆளு, ஒரே நேரத்துல பார்க்கணும். ஒரு பச்சைக்கும் அடுத்த பச்சைக்கும் நடுவுல ஒரு யூரியா மூட்டைக் காசு இருக்குதுங்க. எங்களுக்குக் கலர் அழகு மட்டும் இல்லை. பயிர் எங்ககிட்டப் பேசற பாஷையே அதுதான்.

இப்பல்லாம் எலையைப் போட்டோ எடுத்து குரூப்புல போட்டு "என்ன நோய், என்ன மருந்து?"ன்னு கேக்கற காலம். அந்தப் படத்துல யாராவது பழுப்பு அடிச்சு அனுப்பினா, பதில் சொல்றவர் அந்தப் பழுப்புக்குத்தான் மருந்து சொல்லுவார். இல்லாத நோய்க்கு நாம மருந்தடிப்போம்.

கடைசியா, மனசுல குத்தறது ஒண்ணு. நீங்க ஊருக்கு வந்து எடுக்கற படத்துல எங்க தோட்டம், மாடு, கெணத்து மேடு, பாட்டியம்மா எல்லாமே செம்பழுப்பா இருக்குது. நீங்க குடியிருக்கற அபார்ட்மெண்ட்டும், போற மாலும் மட்டும் பளிச்சுனு இருக்குது. பார்க்கறவங்களுக்கு என்ன தோணும்? கிராமம்னா முடிஞ்சுபோன கதைன்னுதான். நாங்க முடிஞ்சு போகலீங்க. இன்னைக்குக் காலைல தண்ணி கட்டினேன். நாளைக்குக் கட்டை உரிக்கணும். எங்களைச் சுத்திச் சைட் போட்டு விக்கறவங்களுக்கும் "இங்க வெவசாயம் போச்சுங்க"ங்கற பேச்சுதான் வேணும். அதுக்கு நம்ம வீட்டுப் பையனே படம் எடுத்துக் குடுக்கணுமா?

அந்தப் பட்டனையே தொடாதீங்கன்னு நான் சொல்லலை. கல்யாணம், காப்பி டம்ளர், மழை நாள் ஜன்னல், எதுக்கு வேணா போடுங்க. வெளையாட்டுக்குக் கலர் மாத்தறதுல தப்பில்லை. மூணே மூணு மட்டும் கேக்கறேன். மாத்தாத படத்தை அழிக்காதீங்க. பயிர் படத்தை வெவசாயிக்கோ, அவனோட ஊருக்கோ அனுப்பினா மாத்தாததை அனுப்புங்க. மாத்தினதைப் போட்டா "கலர் மாத்தினது"ன்னு ஒரு வரி எழுதுங்க. வியாபாரி ஒருத்தர் காலை வேலை கெடாம இருக்கும்.

பையன் இப்ப ரெண்டு ரெண்டாத்தான் அனுப்பறான். அன்னைக்கு எடுத்ததுல மாத்தாத படம் ஒண்ணை ஸ்டுடியோவுல பெருசாப் பிரிண்ட் போட்டு வாங்கிட்டு வந்து மாட்டியிருக்கேன். பக்கத்துல எங்கய்யனோட கருப்பு வெள்ளைப் படம். அதுல சாயம் இல்லை, வெள்ளிப் பொடி, அம்பது வருசமாகியும் அப்படியே இருக்குது. வாழைப் படம் இப்பப் பச்சையா இருக்குது. அவன் பேரன் காலத்துல மங்கினா மங்கட்டும். அதுவா மங்கட்டுங்க.

கரண்ட் வந்துருச்சு. மோட்டார் போடப் போறேன். வரட்டுங்களா.