ரோடே இல்லேன்னா எந்த வண்டி பாஸ்?

2017-ல வந்த '911 ஆபரேட்டர்' கேம் ஆடியிருக்கீங்களா? நிஜ ஊரோட மேப்பை இறக்கி, போன் எடுத்து, தீயணைப்பு வண்டியை அனுப்பணும். செம த்ரில்! ஆனா மேப்புல ரோடுங்கறது வெறும் கோடு.

எங்க ஆழ்வார்திருநகரி பக்கம் 2023 டிசம்பர் வெள்ளத்துல அந்தக் கோடே காணாமப் போச்சு. பக்கத்து ஸ்ரீவைகுண்டத்துல, தண்டவாளத்து ஜல்லி அரிச்சுப்போக, சுமார் 800 பேரோட திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்னுடுச்சு. ஹெலிகாப்டர்லதான் சாப்பாடு போட்டாங்க. ஊர்களுக்குள்ள மீனவர்களோட படகும் போச்சு.

நம்ம துறையோட பேரே 'தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள்'தானே! நெல்லை கோடிங் புலிகளே, நம்ம ஊருக்கு கேம் பண்ணினா, சிவப்பு வண்டிக்கு முன்னாடி ஒரு ரப்பர் படகை வைங்க!