கரடிக்கு எந்தத் துப்பாக்கி நல்லது?

அமெரிக்காவின் அலாஸ்கா, மொன்டானா பக்கம் காட்டுக்குள் போகிறவர்கள் துப்பாக்கிக் கடையில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ".44 மேக்னம் ரிவால்வரா, 10 எம்.எம். பிஸ்டலா? வேட்டைக்கும் ஆக வேண்டும், கரடி வந்தால் உயிரையும் காக்க வேண்டும்." அங்கே 2010 முதல், மாநிலச் சட்டம் இடம் கொடுத்தால் தேசியப் பூங்காவுக்குள்ளேயே தோட்டா போட்ட துப்பாக்கியோடு போகலாம்.

இதே கேள்வியைத் தமிழ்நாட்டில் ஒருவர் கேட்டால் சிரிப்புதான் வரும். ஆனால் சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை. கோத்தகிரி, குன்னூர் தேயிலைத் தோட்டங்களில் கரடி நடமாட்டம் இன்று சாதாரணம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் கரடித் தொல்லை இல்லை, காட்டுப்பன்றித் தொல்லை உண்டு. உத்திரமேரூர் வட்டாரத்தில் நெல், வேர்க்கடலை, கரும்பு எதையும் அது விட்டுவைப்பதில்லை. மூன்று மாதம் பாடுபட்ட கொல்லையை ஒரே ராத்திரியில் கிளறிப் போட்டால், "கையில ஒரு துப்பாக்கி இருந்தா..." என்று விவசாயி சொல்லத்தான் செய்வார்.

அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதற்குக் கைத்துப்பாக்கி பதில் ஆகுமா? லாப நஷ்டக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆகாது என்றுதான் விடை வருகிறது.

தோட்டாவின் கணக்கு

.44 மேக்னம் 1955-ல் சந்தைக்கு வந்தது. பெரிய மிருகத்தையும் கைத்துப்பாக்கியால் வேட்டையாடலாம் என்ற எண்ணம் பரவ முக்கியக் காரணம் இந்தத் தோட்டா. இந்தியாவில் நிலைமை வேறு. 9 எம்.எம்., .38 போன்றவை ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் அளவுகள் என்பதால் பொதுமக்களுக்குத் தடை. அரசுத் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்கென்று பல ஆண்டுகளாகத் தயாரித்து வருவது பெரும்பாலும் .32 ரிவால்வரும் பிஸ்டலும்தான். 2014-ல் கான்பூரிலிருந்து பெண்களின் பாதுகாப்புக்கென்று 'நிர்பீக்' என்ற பெயரில் வந்ததும் .32 ரிவால்வரே. விலை அப்போதே சுமார் 1,22,000 ரூபாய்!

இந்த .32 தோட்டாவின் விசை .44 மேக்னத்தின் விசையில் சுமார் ஆறில் ஒரு பங்குதான். வளர்ந்த ஆண் கரடி நூறு கிலோவைத் தாண்டும். அடர்ந்த முடி, கெட்டியான எலும்பு. .32 அதைக் காயப்படுத்தும், நிறுத்தும் என்று நம்ப முடியாது. காயம்பட்ட கரடியைவிட ஆபத்தான கரடி கிடையாது.

சரி, பெரிய துப்பாக்கியே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அலாஸ்காவில் மனிதனும் கரடியும் மோதிய சம்பவங்களைத் தொகுத்து 2012-ல் ஓர் ஆய்வு வெளியானது. துப்பாக்கி சம்பந்தப்பட்ட 269 சம்பவங்கள். கைத்துப்பாக்கி 84 சதவீதமும், நீளத் துப்பாக்கி 76 சதவீதமும் பலன் தந்ததாக அதில் இருக்கிறது. "பார்த்தீர்களா!" என்று துப்பாக்கிப் பிரியர்கள் சொல்லலாம். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. நெருக்கமான மோதலில் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் சுட்டாலும் சுடாவிட்டாலும் காயமடைந்த விகிதம் ஏறக்குறைய ஒன்றேதான். உறையிலிருந்து எடுக்க, குறி பார்க்க, சுட கரடி நேரம் கொடுப்பதில்லை.

இதே ஆய்வாளர்களில் சிலர் 2008-ல் வெளியிட்ட ஆய்வு கரடி ஸ்பிரே பற்றியது. நெருங்கி வந்த கரடியிடம் அதைப் பயன்படுத்தியவர்களில் 98 சதவீதம் பேருக்குக் காயமே இல்லை. அந்த டப்பாவுக்குள் இருப்பது என்ன தெரியுமா? மிளகாயின் காரம்தான்!

நம்மூர்க் கரடி எப்படித் தாக்குகிறது?

கரடிக்குக் கண்பார்வை மந்தம். கறையான் புற்றில் மூக்கை விட்டு உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஆள் வருவதே அதற்குத் தெரியாது. திடீரென்று எதிரே மனிதனைப் பார்த்தால் பயத்தில் பாயும். குறி பெரும்பாலும் முகமும் தலையும். தின்பதற்காக அது தாக்குவதில்லை, தப்பிப்பதற்காகத் தாக்குகிறது.

பழைய மைசூர் ராஜ்யத்தில் அரசிக்கெரே பக்கம் ஒரு கரடி குறைந்தது 12 பேரைக் கொன்று, ஏறக்குறைய இரண்டு டஜன் பேரைக் குதறியது. அதைச் சுட்டவர் கென்னத் ஆண்டர்சன். காட்டிலேயே பாதி ஆயுளைக் கழித்த அந்த வேட்டைக்காரர் பெரிய மிருகங்களைத் தேடிப் போனது ரைஃபிளோடுதான். ரிவால்வரை நம்பி அல்ல.

2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே பைக்கில் போன ஒரு வியாபாரியைக் கரடி தாக்கியது. காப்பாற்ற ஓடிவந்த இருவரையும் குதறியது. இந்த இடத்தில் யாரோ ஒருவர் கையில் கைத்துப்பாக்கி இருந்தது என்று கற்பனை செய்து பாருங்கள். கரடியும் மனிதனும் உருண்டு புரளும்போது சுடும் தோட்டா யார் உடம்பில் பாயும்? கடைசியில் வனத்துறை மயக்க ஊசி போட்டுத்தான் அந்தக் கரடியைப் பிடித்தது.

கரடி நடமாடும் ஊரில் உயிரைக் காப்பவை மிகச் சாதாரணமான விஷயங்கள். தனியாகப் போகாமல் பேசிக்கொண்டே கூட்டமாகப் போவது. இருட்டில் டார்ச். வீட்டைச் சுற்றிப் புதர் மண்ட விடாமல் வெட்டுவது. மிச்சம் மீதியை வெளியே கொட்டாமல் இருப்பது. எரியும் தெருவிளக்கு. இவற்றுக்கு லைசென்ஸ் தேவையில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் வேட்டை. 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்குக் கதவை அடைத்துவிட்டன. கரடி முதல் அட்டவணையில் இருக்கிறது, அதாவது புலிக்குச் சமமான பாதுகாப்பு. ஆகவே 'வேட்டைக்கு எந்தத் துப்பாக்கி' என்ற பாதிக் கேள்வி இங்கே எழவே எழாது.

ஆனால் இந்தச் சட்டம் மனித உயிரை மறந்துவிடவில்லை. 11-வது பிரிவின்படி, தன்னையோ பிறரையோ காப்பாற்ற நல்லெண்ணத்தோடு மிருகத்தைக் கொன்றால் குற்றமில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவர் வேறு குற்றம் எதுவும் செய்துகொண்டிருக்கக் கூடாது. செத்த மிருகம் அரசாங்கத்துச் சொத்து.

அடுத்து 1959-ன் ஆயுதச் சட்டம். அதன் 13-வது பிரிவைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் தருவது பற்றி அதிலேயே இருக்கிறது. ஆனால் அங்கே சொல்லப்படுவது வாய்வழியே மருந்து இடிக்கும் நாட்டுத் துப்பாக்கி. அது போதாது என்று அதிகாரி கருதினால் 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள துப்பாக்கி. கைத்துப்பாக்கி அதில் வரவே இல்லை. அறுபது வருஷத்துக்கு முன்பே சட்டம் எழுதியவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது!

தாமல் விவசாயிக்கு என்ன பதில்?

தாமலில் வராகீஸ்வரர் கோயில் இருக்கிறது. பன்றி உருவெடுத்த பெருமாள் சிவனை வணங்கிய தலம் என்பார்கள். கோயிலில் கும்பிடும் பன்றி வேறு, கழனிக்கு வரும் பன்றி வேறு என்பது விவசாயிக்கு நன்றாகத் தெரியும். அவருக்குத் தேவை உபதேசமில்லை, வழி.

வழி கிடைக்காதவர்கள் என்ன செய்கிறார்கள்? கம்பியில் நேராகக் கரண்ட் கொடுக்கிறார்கள். சிலர் பழத்துக்குள் வெடிமருந்து வைத்து அவுட்டுக்காய் போடுகிறார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட திருட்டு மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் அநாதையாக நின்றன. யானைக்கு வைத்ததில்லை அந்தக் கம்பி. ராத்திரி மோட்டார் போடப் போகும் பக்கத்துக் கழனிக்காரரையும் அது விடாது. கரடிக்கும் பன்றிக்கும் துப்பாக்கி தேடும் ஊரில் நிஜமான கொலை ஆயுதம் இந்தக் கம்பிதான்.

"அதனால்தான் துப்பாக்கி கொடுங்கள் என்கிறோம்" என்று ஒருவர் வாதிடலாம். அதில் பாதி உண்மை இருக்கிறது. 2022-ல் கேரளம் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்து, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களை வைத்துப் பன்றியைச் சுட வழி செய்தது. தமிழக அரசு 2025 ஜனவரியில் ஒரு முறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். இரண்டு இடத்திலும் சுடுவது பழகிய ஆள். பொறுப்பு அரசாங்கத்துடையது. அதுதான் சரி.

ஆனால் ஒன்று. "நீ சுடாதே, நான் சுடுகிறேன்" என்று சொல்லும் அரசாங்கம் ராத்திரி பத்து மணிக்குக் கொல்லைக்கு வர வேண்டும். மனு கொடுத்து, வி.ஏ.ஓ. பார்த்து, வனவர் பார்த்து, அனுமதி வருவதற்குள் அறுவடையே முடிந்துவிட்டால் அந்த ஆணை வெறும் காகிதம். இழப்பீடு அடுத்த பட்டத்துக்கு விதை வாங்கும் முன் வந்தால்தான் இழப்பீடு. மானியத்தில் கிடைக்கும் சூரிய மின்வேலி, உயிரைக் கொல்லாமல் விட்டுவிட்டு அதிர்ச்சி கொடுப்பது, சின்ன விவசாயிக்கும் எட்ட வேண்டும்.

ஒரு ரிவால்வருக்குக் கொடுக்கும் லட்சத்துச் சொச்சத்தில் எத்தனை கொல்லைக்கு வேலி போடலாம்! துப்பாக்கி ஒருவரின் பயத்தைக் கொஞ்ச நேரம் குறைக்கும். வேலியும் விளக்கும் நேரத்துக்கு வரும் வனக்காவலரும் ஊரின் பயத்தையே குறைப்பார்கள். 'எந்தத் துப்பாக்கி' என்று கேட்பதை விட்டு, 'எப்போது வருவீர்கள்' என்று அதிகாரிகளைக் கேட்க ஊர் பழக வேண்டும்.