புதன்கிழமைக்கு ஒரு பட்ஜெட்

"வீட்டில்தானே இருக்கிறாய், உனக்கு எதற்கு டைம்டேபிள்?" என்று அம்மாக்களைக் கேட்பவர்கள் நிறைய. பி.காம். படிக்கிற எனக்கு இது, கணக்கு எழுதாமல் கடை நடத்து என்று சொல்வது போலத்தான் இருக்கிறது. கணக்கு இல்லாத கடையில் முதல் கரைகிறது. திட்டம் இல்லாத வீட்டில் அம்மாவின் நேரம் கரைகிறது.

எங்களைப் போன்ற கிறிஸ்தவ வீடுகளில் வாரத்தின் நடுப்பகுதிதான் பெரிய சிக்கல். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு வாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை ஆராதனை, மதியம் கறிக்குழம்பு. மற்றவர்களுக்கு ஓய்வு நாள், அம்மாவுக்கு இல்லை. திங்களும் செவ்வாயும் துணி துவைப்பதில் போய்விடும். புதன் வரும்போது ஞாயிறு இரவு ஆட்டிய மாவு புளித்து ஊத்தப்பத்துக்குத்தான் ஆகும். மறுபடி அரிசி ஊறப்போட வேண்டும். தம்பிக்கு மறுநாள் டெஸ்ட் இருக்கும். சாயங்காலம் யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம். அது நம் வீட்டு முறை என்றால் கேட்கவே வேண்டாம்.

இது ஏதோ எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல. மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2024-ல் நடந்தது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்கள் அதில் ஒரு நாளைக்குச் சராசரியாக 305 நிமிடம் செலவிடுகிறார்கள். 2019-ல் இது 315 நிமிடம். ஐந்து வருடத்தில் மிச்சமானது பத்தே நிமிடம்! இந்த ஐந்து மணி நேரச் சமையலும் துப்புரவும் நாங்கள் படிக்கிற தேசிய வருமானக் கணக்கில் சேர்வதும் இல்லை.

சரி, சபையில் என்ன சொல்லித் தருகிறார்கள்? அன்னையர் தினம் வந்தால் நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரம். குணசாலியான அந்தப் பெண் இருட்டோடு எழுந்திருப்பதைப் பிரசங்கத்தில் தவறாமல் சொல்வார்கள். அதே வசனத்தில் அவளுக்கு வேலைக்காரிகள் இருந்ததும் வருகிறது. அவள் நிலம் வாங்கினாள், துணி நெய்து விற்றாள் என்பதும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

அடுத்தது மார்த்தாள், மரியாள் கதை. இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்து கேட்ட மரியாள் நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள் என்கிறோம். ஆனால் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் கூடத்தில் எல்லோரும் பாடும்போது அம்மாவின் குரல் அடுப்பங்கரையிலிருந்துதான் வரும். இருபது பேருக்குக் காபி யார் போடுவது? மரியாளைப் பாராட்டிவிட்டு வீட்டுக்கு வீடு ஒரு மார்த்தாளை வைத்துக்கொள்கிறோம்.

அதனால் என்னைக் கேட்டால், புதன்கிழமைத் திட்டத்தை இப்படிப் போடலாம்.

முதலில், நகர்த்த முடியாதவற்றை எழுதுங்கள். காலை எட்டு மணி ஸ்கூல் வேன், மாலை ஏழு மணி கூட்டம். எங்கள் பாடத்தில் நிலையான செலவு என்போமே, அதுதான். மற்றதெல்லாம் முன்னே பின்னே போகலாம்.

இரண்டாவது, ஒரு நாளுக்கு ஒரே ஒரு பெரிய வேலை. மாவு ஆட்டுகிற நாளில் அலமாரியைச் சுத்தம் செய்ய வேண்டாம். கூட்டம் இருக்கிற நாளில் ராத்திரிக்கு உப்புமா போதும். யாரும் மெலிந்துவிட மாட்டார்கள்.

மூன்றாவது, மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை அம்மாவின் நேரம். வேதம் வாசிக்கலாம், தூங்கலாம், சும்மாவும் இருக்கலாம். மிச்சம் இருந்தால் ஓய்வு என்று விட்டால் மிச்சமே இருக்காது. சேமிப்பை முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் செலவு செய்ய வேண்டும்.

நான்காவதுதான் முக்கியம். ஒவ்வொரு வேலைக்கு எதிரிலும் ஒரு பெயர் இருக்க வேண்டும். யூனிபார்ம் இஸ்திரி அப்பா, பாய் விரிப்பது தம்பி, காபியும் டம்ளர் கழுவுவதும் நான். எல்லா வரியிலும் அம்மாவின் பெயரே இருந்தால் அது திட்டம் இல்லை, வேலைப் பட்டியல்.

"பிள்ளைகள் செய்தால் சரியாக வராது" என்று அம்மாக்களே சொல்வார்கள். வராதுதான். முதல் நாலு வாரம் காபி தண்ணியாக இருக்கும், பாய் கோணலாக இருக்கும். ஐந்தாவது வாரம் சரியாகிவிடும். அதுவரை சபைக்காரர்கள் பொறுத்துக்கொள்ள மாட்டார்களா என்ன?

திட்டம் பலித்ததா என்று பார்க்க அடுப்பு மேடை பளபளக்கிறதா என்று பார்க்காதீர்கள். ஜெபக்கூட்டத்தில் முதல் பாட்டு தொடங்கும்போது அம்மா பாயில் உட்கார்ந்திருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். உங்கள் வீட்டில் எப்படி?