என்ஜினை "மட்டும்" மாற்றினால் போதுமா?

பழைய அம்பாசடர் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் ஒரு நாள் இந்தப் பேச்சு வந்தே தீரும். "வண்டி நல்ல கட்டுமஸ்தான வண்டிங்க, இழுவைதான் பத்தல. பெரிய என்ஜினா பார்த்து மாத்திட்டா மட்டும் போதும், சும்மா பறக்கும்." பட்டறையிலும் சொல்வார்கள், டீக்கடையிலும் சொல்வார்கள். எனக்கு அந்த ஆசை மேல் ஒரு கோபமும் இல்லை. நடுவில் வருகிற "மட்டும்" என்ற ஒரு வார்த்தை மேல்தான் கோபம்.

முதலில் ஆசைக்கு நியாயம் இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அம்பாசடர் என்பது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. அதன் பழைய பெட்ரோல் என்ஜின் 1489 சிசி, சுமார் 50 குதிரைசக்தி. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி, உள்ளே ஆறு பேர், டிக்கி நிறைய சாமான். ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் என்ன செய்யும்? இதே என்ஜினை வைத்துத்தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் கான்டெஸாவை இறக்கியது. பெரிய வண்டி, சின்ன என்ஜின். பார்க்க ராஜா, ஓட்டினால் கட்டைவண்டி என்று பேர் வாங்கியது. பிறகு அந்த நிறுவனமே இசூஸுவின் 1817 சிசி என்ஜினைப் பொருத்தியதும்தான் கான்டெஸாவுக்கு மானம் திரும்பியது. 1990-களின் தொடக்கத்தில் அதே இசூஸு என்ஜின் சுமார் 75 குதிரைசக்தியோடு அம்பாசடருக்குள்ளும் வந்தது. 1800 ஐஎஸ்இசட் என்று அதற்குப் பெயர்.

ஆக, பழைய வண்டியில் பெரிய என்ஜின் என்பது தெய்வக் குத்தம் கிடையாது. தயாரித்த நிறுவனமே செய்ததுதான். ஆனால் அவர்கள் என்ஜினை மட்டும் மாற்றவில்லை. ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த 4 கியர் கம்பி போய், தரையில் நிற்கிற 5 கியர் பாக்ஸ் வந்தது. அது புது மாடலாகவே விற்பனைக்கு வந்தது, பதிவுப் புத்தகத்திலும் அப்படியே ஏறியது. பட்டறையில் நாம் செய்வது இதில் பாதி கூட இல்லை.

சரி, கொஞ்சம் கணக்குப் போடுவோம். பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடக் கணக்குதான்.

வேகமாகப் போகும்போது வண்டிக்குப் பெரிய எதிரி காற்று. அந்த எதிர்ப்பைத் தாண்டத் தேவைப்படும் சக்தி, வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. அதாவது இரண்டு மடங்கு வேகத்துக்கு எட்டு மடங்கு சக்தி வேண்டும். திருப்பிப் பார்த்தால், 50 குதிரையை 75 ஆக்கினால், அதாவது 50 சதவீதம் கூட்டினால், உச்ச வேகம் கூடுவது ஏறக்குறைய 14 சதவீதம்தான்! "பறக்கும்" என்று சொன்னது இவ்வளவுதான். உண்மையான லாபம் ஏற்றத்திலும் ஓவர்டேக் செய்யும்போதும் கிடைக்கும். அதை நான் மறுக்கவில்லை.

இனி மறுபக்கம். ஓடுகிற வண்டியில் சேர்ந்திருக்கும் ஆற்றல், வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 80 கிலோமீட்டரில் போன வண்டி 110-ல் போனால், நிறுத்துவதற்கு பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. விழுங்குவது என்றால் சூடாக மாற்றுவது. பழைய அம்பாசடர்களில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். டிரம் மூடிய சட்டி மாதிரி, உள்ளே ஏறுகிற சூடு சீக்கிரம் வெளியேறாது. டிரம் சூட்டில் விரிய, லைனிங் பிடி தளர, பெடல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், வண்டி நிற்காது. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. ஏறும்போது புது என்ஜினைப் பாராட்டுவீர்கள். அதே 70 வளைவும் இறங்கும்போதும் வரும் என்பதை நினைவில் வையுங்கள். ஏற்றுவது என்ஜின், வீட்டுக்குக் கொண்டு சேர்ப்பது பிரேக்.

பிரேக்கோடு முடிந்ததா என்றால் இல்லை. கூடுதல் இழுவை முதலில் கிளட்சைத் தாக்கும். அது தாங்கினால் கியர்பாக்ஸ். அதுவும் தாங்கினால் ஷாஃப்ட், பின்னால் கிரவுன் பினியன். சங்கிலியில் எது பலவீனமோ அது அறுந்தே தீரும். நீங்கள் ஒன்றைப் பலப்படுத்தினால் அடுத்தது அறுபடும். பெரிய என்ஜின் அதிக சூட்டைக் கக்கும், பழைய ரேடியேட்டருக்கு அது கட்டுப்படாது. புது என்ஜின் கனமானதாக இருந்தால் மூக்குப் பக்கம் எடை கூடி ஸ்டியரிங் இறுகும், வளைவில் வண்டி திரும்ப மறுக்கும். மவுன்டிங்கை வெட்டி ஒட்ட வேண்டும். ஒட்டுகிற இடமோ நாற்பது வருஷத் தகடு, பெயின்டுக்கு அடியில் எவ்வளவு துரு என்று ஆண்டவனுக்கே வெளிச்சம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்காகவே சொன்ன பழமொழி மாதிரி இருக்கிறது.

வெளிநாட்டில் இதைச் செய்து புகழ் பெற்றவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். கேரல் ஷெல்பி 1962-ல் இங்கிலாந்தின் ஏசி ஏஸ் என்ற சின்னக் காருக்குள் அமெரிக்க ஃபோர்டின் வி8 என்ஜினை வைத்தார். 2 லிட்டர் என்ஜின் ஓடிய இடத்தில் 4.2 லிட்டர். அதுதான் கோப்ரா. எல்லோரும் இந்தக் கதையின் முதல் பாதியைச் சொல்வார்கள். இரண்டாம் பாதி என்ன? அந்த சக்தியைத் தாங்கப் பின் டிஃபரன்ஷியலை மாற்ற வேண்டியிருந்தது. பிறகு 7 லிட்டர் என்ஜின் வைக்க ஆசைப்பட்டபோது பழைய சேசிஸ் போதவில்லை. குழாய்களைத் தடிமனாக்கி, லீஃப் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு காயில் ஸ்பிரிங் போட்டு, சேசிஸையே புதிதாக வடிவமைத்தார்கள். ஃபோர்டு நிறுவனமே பின்னால் நின்றும் இத்தனை பாடு. நம்மிடம் இருப்பது ஒரு வெல்டிங் மெஷின்!

அடுத்தது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. கேஸ் கிட், பேட்டரி போன்ற எரிபொருள் மாற்றங்களுக்கு நிபந்தனையோடு வழி உண்டு. அதே வகை என்ஜினைப் போடவும் ஆர்.டி.ஓ. மூலம் வழி உண்டு. வேறு கம்பெனி பெரிய என்ஜினுக்கு அப்படி எளிய வழி கிடையாது. 2019 திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். 2021-ல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்யலாம். ஆனால் சேசிஸ், பாடி, என்ஜின் எல்லாம் பெரிய மாற்றமின்றி அசலாக இருக்க வேண்டும். என்ஜினைக் கழற்றி பழைய இரும்புக் கடையில் போட்டவர், அந்த மரியாதையையும் சேர்த்தே எடை போட்டு விற்றுவிட்டார்.

"என் வண்டி, என் காசு, உனக்கென்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உங்கள் தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டினால் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ரோடு உங்களுடையது அல்ல. பிரேக் பிடிக்காத அந்தக் கடைசி இருபது அடியில் நிற்பது வேறு யாரோ. ஐந்து வருஷம் கழித்து, உள்ளே என்ன ஒட்டியிருக்கிறது என்று தெரியாமல் அந்த வண்டியை வாங்கப் போவதும் வேறு யாரோ. மறைத்துச் செய்த மாற்றம் தெரியவந்தால் இன்ஷூரன்ஸ்காரர் கையை விரிக்கவும் இடம் இருக்கிறது.

அப்படியானால் இழுவையில்லாத வண்டியோடு காலம் தள்ள வேண்டியதுதானா? என்னைக் கேட்டால் வரிசையை மாற்றுங்கள் என்பேன். முதலில் பிரேக், டயர், ஷாக் அப்சார்பர், ஸ்டியரிங் மூட்டுகள். அடுத்து ரேடியேட்டர். அதற்கப்புறம் இருக்கிற என்ஜினையே நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்து கம்ப்ரஷன் பாருங்கள், தேவைப்பட்டால் ரீபோர் செய்யுங்கள், கார்புரேட்டரையும் டைமிங்கையும் சரி செய்யுங்கள். நாற்பது வருஷம் தேய்ந்த என்ஜின் பிறந்தபோது இருந்த 50 குதிரையில் எத்தனை குதிரை செத்துப் போனதோ! அவற்றைத் திரும்ப எழுப்பினாலே பாதிக் குறை தீர்ந்துவிடும். இதற்கு ஆர்.டி.ஓ.வும் குறுக்கே வரமாட்டார்.

இத்தனையும் செய்த பிறகும் பறந்தே ஆக வேண்டும் என்றால், தயவுசெய்து வேறு வண்டி வாங்கிக்கொள்ளுங்கள். இன்றைய சின்னக் கார்களிலேயே அந்த 75 குதிரைக்கு மேல் இருக்கிறது. யானை வாங்க முடிந்தவர் அங்குசத்துக்கு யோசிக்கக் கூடாது. அங்குசம் இல்லையென்றால் யானை வாங்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.