வளர்க்குங் கையும் வளரும் பாம்பும்

பாம்பென்றாற் படையும் நடுங்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. அத்தகைய பாம்பை வீட்டில் வைத்து வளர்ப்பதற்கு என்னிடம் ஆலோசனை கேட்டு ஒரு கடிதம் வரும் என்று யான் கனவிலும் எண்ணியதில்லை. என்னிடம் தமிழ் பயின்று, இன்று கனடாவின் ரொறொன்ரோ நகரில் வாழும் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் எழுதியிருந்தார். அவருடைய பத்து வயது மைந்தன் பாம்பு வளர்க்க வேண்டுமென்று பிடிவாதம் செய்கின்றானாம். "ஐயா, பாம்பு சற்றுப் பெரிதாகவும் இருத்தல் வேண்டும், நான் ஒருவனே ஆபத்தின்றிக் கையாளக் கூடியதாகவும் இருத்தல் வேண்டும். எதனை வாங்கலாம்?" என்பது அவர் வினா.

இது தமிழாசிரியனிடம் கேட்கத்தக்க வினாவன்று என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் ஒரு சிறுவனின் நலன் அதனுட் பொதிந்திருத்தலாலும், அவரைப் போன்றே பிறநாடுகளில் வாழும் பழைய மாணவர் பலர் இம்மலரைப் படிப்பராதலாலும், என் கருத்தை ஈண்டே கூற முற்பட்டேன்.

பாம்பைப் பற்றிப் பேசுதற்கு எனக்குள்ள தகுதி ஒரு தவற்றினாற் பெற்றது. அப்பொழுது எனக்குப் பன்னிரண்டு வயது. எழுவான்கரையிலுள்ள களுதாவளையில் எங்கள் வீடு. வாவிக்கு அப்பால், படுவான்கரையில் எங்கள் வயல். வேளாண்மை வெட்டுக் காலத்தில் தந்தையாருடன் குருமண்வெளித் துறையைக் கடந்து சென்றிருந்தபோது, வரம்போரப் புதரில் ஒரு மலைப்பாம்புக் குட்டியைக் கண்டேன். வெங்கிணாந்தி என்று நம்மவர் கூறுவதும் இதனையே. ஒன்றரை முழந்தான் இருக்கும். யாருமறியாது பையிலிட்டுக் கொணர்ந்து, வெற்றிலைத் தோட்டத்து மூலையில் ஒரு பழைய பலகைப் பெட்டியில் அடைத்து, எலியும் தவளையும் கொடுத்து வளர்த்தேன். ஓராண்டு நிறையுமுன் அது என் உயரத்தை எட்டிவிட்டது.

ஒருநாள் மாலை, எலியைப் பிடித்த கையைக் கழுவாமலே பெட்டிக்குள் நீட்டினேன். எலியின் மணத்தை மோந்த பாம்பு என் மணிக்கட்டைக் கவ்வி, கண்மூடித் திறப்பதற்குள் முழங்கைவரை சுற்றிக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகிற்று. விரல்கள் நீலம் பாரித்தன. என் கூக்குரல் கேட்டு ஓடிவந்த தாய்மாமன், "தலையைப் பிடித்து இழாதே மனே, வாலைத் தேடு!" என்று சொல்லி, வாலிலிருந்து ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தார். மறுநாள் அதனைச் சாக்கிலிட்டு வாவிக்கு அப்பாற் கொண்டுபோய் விட்டுவந்தார்.

அன்று யான் கற்ற பாடம் இது: பாம்பு ஒரு கையைப் பற்றிக்கொண்டால் எஞ்சுவது ஒரு கையே. ஆகவே "ஒருவர் கையாளக்கூடிய பாம்பு" என்பதற்கு, அது அமைதியாயிருக்கும்போது ஒருவர் தூக்கக்கூடிய பாம்பு என்று பொருள் கொள்ளலாகாது. அது நம்மை இரையென மயங்கிச் சுற்றிய வேளையிலும் ஒருவர் தாமே அவிழ்க்கக்கூடிய பாம்பு என்பதே சரியான பொருள்.

நிற்க. பாம்பு வாங்குவோர் செய்யும் பெரும் பிழை குட்டியைக் கண்டு முடிவு செய்தலாகும். கடையில் விற்கப்படுவது இரண்டடிக் குட்டி. வீட்டில் வளரப்போவதோ வேறு. பர்மிய மலைப்பாம்பின் குட்டியும் ஒருவர் கையில் அடங்குவதே. ஆனால் 2021ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் புளோரிடாவிற் பிடிபட்ட அவ்வினப் பெண்பாம்பு ஒன்று ஏறத்தாழ 18 அடி நீளமும் 215 இறாத்தல் நிறையும் உடையதாயிருந்தது. அஃது ஒரு நெல் மூடையினும் கனமானது. நெல் மூடையோ நம்மைச் சுற்றி இறுக்குவதில்லை. ரொறொன்ரோ மாநகரத்தின் விதியும் இவ்வுண்மையை அறிந்தே அமைந்துள்ளது. முழு வளர்ச்சியில் 3 மீற்றருக்கு மேல் நீளும் பாம்பினங்களை வீட்டில் வைத்திருத்தலை அது தடை செய்கின்றது. குட்டியின் நீளத்தையன்றி இனத்தின் நீளத்தையே அது அளவுகோலாகக் கொண்டமை கருதத்தக்கது.

விதி எதற்கு என்பார் 2013ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் அதே கனடாவில், நியூ பிறன்சுவிக் மாகாணத்துக் காம்பெல்ரன் என்னும் ஊரில் நிகழ்ந்ததை எண்ணிப் பார்த்தல் வேண்டும். விலங்குக் கடையொன்றின் மேல்வீட்டில் அடைபட்டிருந்த ஆபிரிக்க மலைப்பாம்பு காற்றுக் குழாய் வழியே தப்பி, உறங்கிக்கொண்டிருந்த நான்கும் ஆறும் வயதுடைய உடன்பிறந்தார் இருவரைக் கொன்றது. கூட்டின் வலிமையும் கையின் வலிமையைப் போன்றே இன்றியமையாதது என்பதை இக்கொடுமை உணர்த்தும்.

வளர்த்தவர் கைக்கு அடங்காது போன பாம்பினால் ஒரு நாடே துன்புறுதலும் உண்டு. புளோரிடாவில் வளர்ப்போரிடமிருந்து தப்பியனவும், வளர்க்க இயலாது விடப்பட்டனவுமான பர்மிய மலைப்பாம்புகள் எவகிளேட்சு என்னும் சதுப்பு நிலத்திற் பல்கிப் பெருகின. அவை நெடுநாள் குடிகொண்ட பகுதியில் றக்கூன் என்னும் சிறு விலங்கு காணப்படுதல் 99 வீதம் குறைந்தது என்று 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று கூறுகின்றது. அப்பாம்புகளைப் பிடித்தற்கு 2017ஆம் ஆண்டில் அழைக்கப்பட்டவர் யார்? தமிழ்நாட்டு இருளர் குலத்தவரான மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருவர். பாம்பின் தடத்தைப் பார்த்தே பாம்பை அறியும் அவ்விருவருக்கும் இந்திய அரசு 2023ஆம் ஆண்டில் பத்மசிறீ விருது வழங்கிற்று. தமிழர் பெருமைப்படத்தக்கது இது. ஆனால் அவர் திறமை தலைமுறை தலைமுறையாக வந்தது. கடையில் பாம்போடு சேர்த்து விற்கப்படுவதன்று.

இனி, மாணவரின் வினாவுக்கு நேராக விடை கூறுவேன். முதலில் வாங்கத்தக்கது, பந்துபோற் சுருண்டுகொள்ளுதலாற் பந்து மலைப்பாம்பு எனப்படும் மேற்கு ஆபிரிக்க இனம். அது பெரும்பாலும் 5 அடிக்கு மேல் வளராது, சாதுவானது, ஒருவர் கைக்கு அடங்குவது. தந்தையார் அதனைப் பல ஆண்டுகள் வளர்த்துப் பழகிய பின்னரும் பெரியது வேண்டுமென்று தோன்றினால், 6 முதல் 8 அடிவரை வளரும் தென்னமெரிக்கப் போவா என்பதோடு ஆசையை நிறுத்துக. அதன் கூட்டைத் திறக்கும்போது வளர்ந்த இன்னொருவர் வீட்டில் இருத்தல் நன்று. அதற்கு மேற்பட்ட எதனையும் ஒருவர் தனித்துக் கையாள நினைத்தல் அறிவுடைமையன்று.

எதனை வாங்கினும் சில நெறிகள் உள. இரையைக் கையாற் கொடாது இடுக்கியாற் கொடுக்க. கையைக் கழுவிய பின்னரே பாம்பைத் தொடுக. கழுத்திற் சுற்றிக்கொண்டு படம் பிடித்தலை அறவே விடுக. சிறுவனைப் பாம்போடு தனியே விடாதொழிக. பாம்பு நாயைப் போல அன்பு பாராட்டுவதன்று. கடியாதிருத்தலே அதனிடம் நாம் எதிர்பார்க்கத்தக்கது. பந்து மலைப்பாம்பு 20, 30 ஆண்டுகள் வாழ்வது. பத்து வயதுப் பிள்ளை கேட்கும் பாம்பை, அவன் பல்கலைக்கழகஞ் சென்ற பின் பேணப்போகின்றவர் பெற்றோரே. அதற்கு மனமில்லாதவர் வாங்காதிருத்தலே பிள்ளைக்கும் பாம்புக்கும் நலம்.

நம்மூர் மாணவர்க்கும் ஒரு சொல். யான் சிறுவயதிற் செய்தது தவறு மாத்திரமன்று, குற்றமுமாகும். இலங்கையில் மலைப்பாம்பு வனவிலங்குச் சட்டத்தாற் காக்கப்பட்டது. அதனைப் பிடித்தலும் அடைத்து வைத்தலும் கொல்லுதலும் தண்டனைக்குரியன. நம் வயல்களில் எலியைத் தின்று வேளாண்மையைக் காக்கும் சாரையும் மலைப்பாம்பும் கூலி கேளாத காவற்காரர். அவற்றைக் கண்டால் விலகி நின்று வழிவிடுக. வீட்டினுள் வந்துவிட்டால் வனசீவராசிகள் திணைக்களத்தாருக்கு அறிவிக்க.

என் மணிக்கட்டில் அப்பாம்பின் பற்கள் பதித்த தழும்பு இன்றும் உண்டு. கரும்பலகையில் எழுதும்போது அதனைக் கண்டு காரணம் வினவாத வகுப்பில்லை. கடிதம் எழுதிய மாணவரும் அந்நாளில் வினவியவரே. அன்று சிரித்துக்கொண்டே கேட்ட கதையை இன்று ஒரு தந்தையாக நின்று மீண்டும் நினைந்து பார்ப்பாராக.